பியானோ வண்டியும் இரண்டு துண்டு ஷாஃப்டும்

சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவியும் கையிலிருந்து கிரீஸ் வாசனை போகவில்லை. காலையில் ராயப்பேட்டை ஒர்க்‌ஷாப்பில், நம் வண்டிக்கு அடியிலிருந்து கழற்றிய சென்டர் பேரிங்கை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். சுற்றியிருந்த ரப்பர் வெடித்து, பேரிங் தொளதொளவென்று ஆடியது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் உன் வாசனை. கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு சாப்பிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் உனக்குப் பிடிக்காது.

இப்போது வண்டியைப் பார்த்துக்கொள்வது சலீம். உனக்கு அவனைத் தெரியாது. நீ போன பிறகு நம் பழைய மெக்கானிக்கின் கடையை எடுத்து நடத்துகிறவன். நிதானமானவன், வேலையில் சுத்தம். பேரிங்கை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

“அம்மா, இந்த வண்டிக்கு இது எப்பவும் தொல்லதான். ஷாஃப்ட்டு ரெண்டு பீஸு, நடுவுல இந்தப் பேரிங்கு. ரப்பரு போச்சுன்னா ஒதறிக்கினே இருக்கும். பேசாம நீட்டா ஒரே பீஸா அடிச்சு மாட்டிடலாம். கெளம்பறப்போ வெண்ணெ மாதிரி போவும்.”

“வேணாம் சலீம். ரெண்டாவே இருக்கட்டும். பேரிங்க மட்டும் புதுசு போடு.”

“இல்லம்மா, நெறைய பேரு மாத்திக்கினு கீறாங்க. அதான் சொன்னேன்.”

“நாங்க ஒரு தடவ மாத்திப் பாத்துட்டோம்பா.”

‘நாங்க’ என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. யார் அந்த இன்னொருவர் என்று அவன் கேட்கவில்லை. புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டுப் பேரிங் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தான். நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு உன்னிடம் பேசத் தொடங்கினேன். அங்கே பேசியதன் மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷாஃப்ட் என்றால் என்னவென்றே தெரியாத பெண்ணாகத்தானே நான் உன்னைச் சந்தித்தேன். சாந்தோமில் நான் பியானோ சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பழைய பியானோவை அடையாற்றில் இருக்கும் கிளைக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்கு வந்த பிக்கப்பின் டிரைவர் நீ. பியானோவைக் கம்பளி சுற்றி, கேபினோடு ஒட்டி நிறுத்தி, கயிறு போட்டு இறுக்கினாய். நான் முன்னால் ஏறாமல் பின்னால் பியானோவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். “விழுந்துடுவீங்க மிஸ்” என்றாய். “அது விழாம பாத்துக்கத்தான் நான் ஏறினேன்” என்றேன்.

ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்று கிளம்பும்போது கால்களுக்குக் கீழே பலகை தடதடவென்று உதறும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் அடங்கிவிடும். அந்த உதறலில் பியானோவின் மேல் கட்டைகளுக்குரிய மெல்லிய கம்பிகள் லேசாக முனகின. அந்தக் கம்பிகளை அடக்கிப் பிடிக்க உள்ளே பஞ்சு கிடையாது. எது அதிர்ந்தாலும் சேர்ந்து அதிரும். எனக்குத் தாங்கவில்லை. அடையாற்றில் இறங்கியதும் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

“வண்டிய இப்படியா எடுக்கறது? உள்ள கம்பியெல்லாம் அழுவுது.”

“நான் எடுக்கறதுல தப்பு இல்ல மிஸ். வண்டி நீளம். அதனால ஷாஃப்ட்டு ரெண்டு துண்டு. லோடு ஏத்திக்கினு கெளம்புனா லேசா ஒதறும். அது அப்டித்தான்.”

“லேசா இல்ல. நடுவுல ஒரே ஒரு எடம் தனியா அடிக்குது. நான் கால் வெச்சிருந்த எடத்துக்கு நேர் கீழ.”

நீ என்னைச் சந்தேகமாகப் பார்த்தாய். பிறகு ஒரு நியூஸ்பேப்பரை விரித்து வண்டிக்கு அடியில் போனாய். வெளியே வரும்போது மூக்கில் கரி.

“ரப்பர் கிழிஞ்சி கீது மிஸ். போன வாரந்தான் பாத்தேன், அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க எப்டிக் கண்டுபுடிச்சீங்க?”

“கேட்டுது.”

அதற்குப் பிறகு நாம் இருவரும் பேசியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு ஆணும் பெண்ணும் முதல்முதலில் பேசுகிற பேச்சா அது? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் குனிந்து பார்த்தேன். முன்னால் இஞ்சின், கியர் பாக்ஸ். பின்னால் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக டிஃப்ரன்ஷியல். இஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டு போகிற நீளமான இரும்புக் குழாய்தான் ஷாஃப்ட். அதைப் பாதியில் வெட்டி, வெட்டிய இடத்தில் பேரிங் வைத்து, சேஸிஸோடு தொங்கவிட்டிருந்தார்கள்.

“ஒரே துண்டா வெச்சா என்ன?” என்று கேட்டேன்.

“சின்ன வண்டின்னா ஒரே துண்டுதான் மிஸ். நீளமாப் போச்சுன்னா சுத்தறப்போ நடுவுல புடைச்சுக்கும். ஸ்கிப்பிங் கயிறு சுத்தறாங்க இல்ல, அந்த மாதிரி. வேகம் ஏற ஏறத் தூக்கித் தூக்கி அடிக்கும்.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. பியானோவிலும் அப்படித்தான், கம்பி நீளமாக இருந்தால் தாழ்ந்த சுருதியிலேயே அதிரும், குட்டையாக்கினால் சுருதி ஏறும். ஷாஃப்டையும் இரண்டாக்கிக் குட்டையாக்கிவிட்டால், அது அதிர வேண்டிய வேகத்தை வண்டி எட்டவே எட்டாது. இதை உன்னிடம் சொன்னேன். நீ கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, “இன்னொரு தபா சொல்லுங்க” என்றாய். இரண்டாவது தடவை நான் சொல்லி முடித்ததும் பியானோவின் கீழ்ப் பலகையைத் திறந்து காட்டச் சொன்னாய். நீளக் கம்பிகளையும் குட்டைக் கம்பிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். பலகையிலும் கம்பிகளிலும் கிரீஸ் கறை படிந்ததற்காகப் பிறகு தலைமை சிஸ்டரிடம் திட்டு வாங்கியது நான்தான்.

நம் கல்யாணத்தை இரண்டு வீட்டிலும் யாரும் கொண்டாடவில்லை. என் வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். உன் வீட்டில் பேசுவதை நிறுத்தவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நீ சர்ச்சுக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருவாய். நான் உன் வீட்டுப் பொங்கலுக்குக் கோலம் போடுவேன். கடைசிவரை நீ என்னை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டாய். ஊர் முன்னால் நான் உன்னை ‘நீங்க’ என்பேன், வீட்டுக்குள் ‘நீ’. இந்தக் கடிதம் வீட்டுக்குள் எழுதுவது.

பள்ளிக்கூட வேலையோடு வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலையையும் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: “இத எடம் மாத்தணும், யாராவது பதமா ஏத்தி எறக்குவாங்களா?” பதமாக ஏற்றி இறக்குகிற ஒருவன் என் வீட்டிலேயே இருந்தான். சொந்தமாகப் பிக்கப் வாங்கலாம் என்று முடிவு செய்ததும் நாம் இரண்டு பழைய வண்டிகளைப் பார்த்தோம். ஒன்று குட்டை, ஒரே துண்டு ஷாஃப்ட். ஓட்டிப் பார்த்தபோது கிளம்பியதே தெரியவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. இன்னொன்று நீளம், இரண்டு துண்டு.

நீ குட்டை வண்டியின் பின்னால் ஏறி, கைகளை அகட்டி அளந்து பார்த்துவிட்டு இறங்கினாய்.

“நிக்கற பியானோன்னா இது போதும் மிஸ். படுக்கற பியானோ வந்தா?”

கிராண்ட் பியானோவுக்கு நீ வைத்த பேர் அது. காலைக் கழற்றிப் பக்கவாட்டில் நிறுத்தினால், நீளம் குட்டை வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீள வண்டியைத்தான் வாங்கினோம். அபிராமபுரத்திலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எத்தனை வீடுகள், எத்தனை மாடிப்படிகள். வீட்டுக்காரர்கள் படியில் நின்று பதறிக்கொண்டிருப்பார்கள். “ஒண்ணும் ஆவாது, மிஸ் கூடவே வராங்க” என்று நீ சொல்வாய். நான் பின்னால்தான் உட்கார்ந்து வருவேன்.

ஆனால் உதறல் இருந்தது. புதுப் பேரிங் போட்டால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், மழைத் தண்ணீரில் ஊறி ரப்பர் இளகினால் மறுபடி ஆரம்பிக்கும். நான் முகம் சுளிப்பதைப் பின்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் நீயே போய் ஒரே துண்டாக ஷாஃப்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றாய். எனக்காகத்தான் செய்தாய் என்று தெரியும். ஏறி உட்கார்ந்தேன். லஸ் முனை சிக்னலில் வண்டி கிளம்பியபோது என் காலுக்குக் கீழே பலகை அசையவே இல்லை. “போறோமா நிக்கறோமா?” என்று உள்ளே குரல் கொடுத்தேன். நீ பெருமையாக ஹாரன் அடித்தாய்.

பத்து நாள் சந்தோஷமாக ஓட்டினோம். ஊருக்குள் எங்கே வேகம் எடுக்க முடிந்தது?

கோவளம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கிராண்ட் ஒன்றைக் கொண்டு போய் இறக்கினோமே, அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பும்போது வண்டி காலி, மத்தியான வெயில், ரோட்டில் கூட்டமில்லை. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ ஏதோ கதை சொல்லிக்கொண்டே வேகம் ஏற்றினாய். இருக்கைக்குக் கீழே ஒரு ரீங்காரம் எழுந்தது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்த ரோடு மங்கலாகக் கலங்கியது.

“என்னமோ பாடுது” என்றேன்.

நீ கதையை நிறுத்தினாய். உனக்கு இன்னும் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். “கேக்கலயே” என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாய். ரீங்காரம் இறங்கி மறைந்தது. மறுபடி மெதுவாக ஏற்றிப் பார்த்தாய். அதே வேகத்தில் அது மறுபடி பிறந்தது. இந்தத் தடவை அது குரல் மாதிரி இல்லை, தரையைச் சுத்தியலால் அடிப்பது மாதிரி இருந்தது.

சவுக்குத் தோப்போரம் நிறுத்தி அடியில் படுத்தாய். நானும் பக்கத்தில் குந்தினேன். கியர் பாக்ஸின் பின்வாயிலிருந்து எண்ணெய் கசிந்து, ஷாஃப்டின் சுழற்சியில் நாலா பக்கமும் தெறித்திருந்தது. ஷாஃப்டை மாட்டியிருந்த போல்ட்டுகளில் ஒன்று கையால் திருகினாலே சுழன்றது. நீ வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா முன் முனை கழண்டு தரையில குத்தியிருக்கும். வண்டி அப்டியே தூக்கிக் கவுந்திருக்கும் மிஸ்.”

நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். நீ குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய்:

“ஒதறல் கெட்டது இல்ல மிஸ். அது சொல்லிட்டு ஒதறுது. கிளட்சுல காலை மெதுவா விட்டாப் போதும், அடங்கிடும். இது சொல்லாம கொள்ளாம வேலையக் காட்டிடும். நாளைக்கே ரெண்டா மாத்திடறேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

“எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல” என்றேன். அந்த போல்ட்டை இறுக்கிவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் திருவான்மியூர் வரைக்கும் வந்தோம். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். இதைத்தான் இன்றைக்கு சலீமிடம், ஒரு தடவை மாற்றிப் பார்த்துவிட்டோம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன்.

உனக்கு நெஞ்சுவலி வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. பாரம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, முதல் பாதிக்குத் தலையாட்டினாய், இரண்டாவது பாதிக்கு என்னைப் பார்த்தாய். டிரைவர்களை வைத்துப் பார்த்தோம். நல்ல பையன்கள்தான், ஆனால் கிளட்சைப் பட்டென்று விடுவார்கள். நான் பின்னாலிருந்து கத்துவேன். கடைசியில் நானே கற்றுக்கொள்கிறேன் என்றேன். ஐம்பதைத் தாண்டிய பியானோ டீச்சர் பிக்கப் ஓட்டப் போகிறாள் என்று நம் தெருவே வேடிக்கை பார்த்தது. நீ சிரிக்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் கடற்கரையோரம் காலி ரோட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “பெடல்தானே மிஸ்? பியானோவுல மிதிக்கறீங்க இல்ல, அதே காலுதான்” என்றாய். கிளட்சுக்கு இடது கால், பியானோவில் நான் மிதிப்பது வலது கால் என்று சொல்லிச் சண்டை போட்டேன்.

பியானோவோடு நான் முதன்முதல் ஓட்டிய நாள் அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. பின்னால் பஸ். பாரத்தோடு மேட்டில் கிளப்ப வேண்டும். ஷாஃப்டுக்கு அதைவிடக் கஷ்டமான இடம் கிடையாது. நீ இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாய். நான் காலை மயிரிழை மயிரிழையாக விட்டேன். வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல நகர்ந்தது. பாலம் இறங்கும் வரை பேசாமல் வந்துவிட்டு, “எனக்கு வேலை போச்சு” என்றாய்.

நீ போனது ஒரு காலை நேரத்தில், மருத்துவமனையில். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மயானத்துக்குக் கொண்டு போவதற்குப் பூ கட்டிய வண்டி ஒன்றுக்கு உன் தம்பி சொல்லியிருந்தான். நமக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, நம் வண்டியிலேயே கொண்டு போகலாம், நான் ஓட்டுகிறேன் என்றேன். அவன் திகைத்துப் போனான். உன் சித்தப்பாவின் காதில் விழுந்துவிட்டது.

“இன்னாமா பேசறே? பொம்பளைங்க அங்க வர்ற பழக்கமே கிடையாது. அதுவும் தாலி கட்டினவன நீயே ஏத்திக்கினு போறதா? ஊரு சிரிக்கும்.”

“நான் உள்ள வரல மாமா. கேட்டோட நின்னுக்கறேன். அதுவரைக்கும் நான்தான் ஓட்டுவேன்.”

“அதெல்லாம் முடியாது.”

நான் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. “வேற யார் ஓட்டினாலும் குலுங்கும்” என்றேன். எனக்கு இருந்த ஒரே காரணம் அதுதான். உன் தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்ணியே ஓட்டட்டும் சித்தப்பா. நான் பின்னால அண்ணன் கூட ஏறிக்கறேன்” என்றான்.

பியானோவுக்குச் சுற்றுகிற கம்பளிகளைப் பலகையில் விரித்து அதன் மேல் உன்னைப் படுக்க வைத்தார்கள். முன்னால் மேளக்காரர்கள் போனார்கள். அவர்கள் நின்றால் நான் நிற்க வேண்டும், அவர்கள் நகர்ந்தால் நான் கிளம்ப வேண்டும். ஒரு பியானோவின் பாரத்தில் நீ கால்வாசிகூட இல்லை. ஷாஃப்ட் உதறுவதற்கு அங்கே பாரமே கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் காலை அப்படித்தான் விட்டேன், அடையாறு பாலத்தில் விட்டதுபோல. வேகத்தடைகளில் முன் சக்கரம் ஏறி இறங்கி, பின் சக்கரம் ஏறி இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்டில் நிறுத்தினேன். உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்து உன் தம்பி ஈரத் தலையோடு வந்து என் பக்கத்தில் ஏறினான். மற்றவர்கள் ஆட்டோவில் போய்விட்டார்கள். ராயப்பேட்டை நெருக்கடியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். அவன் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“அண்ணி, அண்ணன் உங்க வண்டியில தூங்குவாராமே?”

“ஆமாம்பா. இந்த ஒரு வருஷமா அப்படித்தான். ஏறி உட்காந்தா தூங்கிடுவார். மாத்திரை அப்படி.”

அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

“மாத்திரை இல்ல அண்ணி. நானும் எத்தினியோ தபா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்கேன், அதே மாத்திரைதான். கண்ண மூடவே மாட்டாரு. நான் ஓட்டுனா அவரு காலு கீழ பிரேக்கு தேடும். யாரு ஓட்டுனாலும் அப்டித்தான், சின்ன வயசுலேர்ந்தே. நான் கேட்டேன், அண்ணி வண்டியில மட்டும் எப்டி தூங்கறன்னு. ‘அங்க நான் பாக்க வேண்டியது ஒண்ணுமில்லடா’ன்னாரு.”

எனக்கு முன்னால் போன ஆட்டோ கலங்கியது. வண்டியை ஓரம் கட்டினேன். உன் தம்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான், நான் அழுது முடிக்கும்வரை.

அடையாற்றிலிருந்து திரும்பும் மத்தியானங்களில் உன் தலை ஜன்னலில் சாய்ந்திருக்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும். நோயாளி தூங்குகிறான், எழுப்பிவிடக் கூடாது என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் ரோட்டைப் பார்த்தே வாழ்ந்த நீ அதை என்னிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயத்தில் நான் ஸ்டியரிங்கைச் சரியாகப் பிடித்திருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போதும் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாத நாட்களில்கூட, அங்கே ஒரு ஆள் தூங்குகிற மாதிரிதான் ஓட்டுகிறேன். நாளைக் காலை தியாகராய நகரில் ஒரு படுக்கிற பியானோ ஏற்ற வேண்டும். மாடி வீடு, படி குறுகல், பார்த்துவிட்டு வந்தேன். சலீம் சாயங்காலம் வண்டியைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

போயிட்டு வரேன்.